மலைப்பாதைக்கு ஒரு காலணி

பள்ளிவாசலின் படிகளில் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் காலணிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே செல்வது என் நெடுநாளைய வழக்கம். அது நல்ல வழக்கமா, இல்லையா என்று நான் ஆராய்ந்ததில்லை. தொழிலால் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். குதியின் வெளியோரம் தேய்ந்த செருப்பைக் கண்டால், அதற்கு உரியவர் பாதத்தை வெளிப்புறம் சாய்த்து ஊன்றுபவர் என்று மனம் சொல்லும். ஒரு கால் செருப்பு மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், மற்ற முழங்காலில் அவருக்கு நோவு இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வேன். முகம் பார்க்காமலே மனிதரை அறியலாம் என்று எனக்குள் ஒரு சிறிய பெருமையும் இருந்தது.

என் ஊர் வாணியம்பாடி. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் தரம் பிரிப்பவராக இருந்தார். தோலைக் கையில் எடுத்து, பெருவிரலால் ஒருமுறை வருடி, இது மேல்தரம், இது கீழ்த்தரம் என்று சொல்லிவிடுவார். நான் அவர் வழியிலேயே வந்து, ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் பணியாற்றினேன். முதலில் தோல் வெட்டும் பிரிவு. பிறகு, ‘லாஸ்ட்’ என்று நாங்கள் சொல்லும் கால் வடிவ அச்சின்மீது மேற்பகுதியை இழுத்துப் பொருத்தும் பிரிவு. எத்தனை ஆயிரம் சோடிகள் என் கைவழியே கடல் கடந்து போயிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே, காலணியைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிச் சரிந்தது என்பதையே இங்கே எழுதுகிறேன். பிள்ளை பெற்றவர்களுக்குப் பயன்படலாம்.

என் மகன் ஒரே மகன். திருப்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. இருபத்து நான்காம் வயதில் அவனுக்கு மலைப்பாதையில் ஓடும் ஆர்வம் பிறந்தது. தார்ச்சாலையில் ஓடுவதுகூட எனக்கு விளங்கியது. கல்லும் முள்ளும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் ஒருவன் விரும்பி ஓடுவான் என்பது விளங்கவில்லை. “துரத்துகிறவர் யாரும் இல்லாமல் எதற்கப்பா இந்த ஓட்டம்?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். “மேலே போய் நின்னு பாருங்கத்தா, தெரியும்” என்றான்.

எங்கள் பக்கத்து மலை ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், சமதளத்தில் சிற்றூர்கள் பரந்து கிடக்கும். அங்கிருந்து இன்னும் உயரத்தில் இருக்கிறது சுவாமிமலை முகடு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 அடி. அதற்குப் போகும் பாதையில்தான் இவன் விடுமுறை நாள்களில் ஏறி இறங்குவான். மற்ற நாள்களில் அலுவலகத்துக்குப் போகுமுன் ஊருக்குள்ளேயே சாலையில் ஓடுவான். சாலைக்கென்று வாங்கிய மெல்லிய காலணியோடு மலைக்குப் போய், கூரிய கல் குத்திப் பாதம் கன்றிப்போய் ஒருநாள் திரும்பி வந்தான். “நல்ல காலணி நான் வாங்கித் தருகிறேன்” என்று நானாகவே சொன்னேன். 31 ஆண்டு அனுபவம் அப்படிச் சொல்ல வைத்தது.

ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய சரக்கு விற்கும் கடை ஒன்றில் நானே தனியாகச் சென்று தேர்ந்தெடுத்தேன். உயர்ந்த தோலாலான மேற்பகுதி, நீர் புகாத உட்சவ்வு, கெட்டியான அடிப்பாகம், ஒரு நூலிழை பிசகாத தையல். தந்தையார் இருந்தால் பெருவிரலால் வருடிப் பார்த்து மகிழ்ந்திருப்பார். அலுவலகத்துக்கு அவன் அணியும் அளவு 7. ஆகவே அதையே வாங்கினேன்.

அணிந்து பார்த்தவன், “கொஞ்சம் இறுக்கமா இருக்குத்தா” என்றான்.

“தோல் அல்லவா? பழகப் பழகக் கொடுக்கும்” என்றேன்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் சொன்னான்: “நடக்கும்போது ஒண்ணும் தெரியலத்தா. இறங்கும்போதுதான் விரல் முட்டுது.” நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “புதிது அப்படித்தான் இருக்கும்” என்றேன். அதற்குப்பின் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தந்தை வாங்கித் தந்ததைக் குறைசொல்லக் கூடாது என்று அவனுடைய தாய் அவனை அப்படி வளர்த்திருந்தாள்.

2022 அக்டோபரில், மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய நண்பனிடமிருந்து தொலைபேசி வந்தது. இறக்கத்தில் ஈரப்பாறையில் வழுக்கி, கால் மடங்கி விழுந்துவிட்டான் என்றான். நண்பர்கள் தோள்கொடுத்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். கணுக்காலின் வெளிப்புற எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மருத்துவர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “விழுந்ததற்கும் இந்த நகங்களுக்கும் சம்பந்தமில்லையே. இவை ஏன் இப்படி இருக்கின்றன?” என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கால்களிலும் பெருவிரல் நகங்கள் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தன. அடுத்த விரல்களின் நுனி காய்த்துப் போயிருந்தது. அது ஒருநாளில் வந்த கறுப்பு அன்று. வாரக்கணக்கில் வந்த கறுப்பு.

எத்தனையோ ஆண்டுகளாக, பள்ளியின் ஹவுள் கரையில் என்னருகே அமர்ந்து ஒளு செய்பவன் அவன். நாளும் அந்தக் கால்கள் என் கண்ணெதிரே கழுவப்பட்டன. முகம் தெரியாத ஐரோப்பியரின் கால் அளவுகளை மனப்பாடமாகச் சொல்லக் கூடிய நான், என் பிள்ளையின் கால்விரலைப் பார்க்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காலணியால்தான் விழுந்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியமாட்டேன். ஈரப்பாறை யாரையும் வழுக்கும். ஆனால் அந்தக் காலணியை மேசைமேல் வைத்து, தொழிலாளியின் கண்ணோடு பார்த்தபோது, என் பிழைகள் வரிசையாக எழுந்து நின்றன. தோல் அகலத்தில் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. இது எனக்குத் தெரியாததா? இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சரியும். நெடுநேரம் ஓடினால் வீங்கவும் செய்யும். அலுவலகக் காலணியின் அளவு அதற்கு எப்படிப் போதும்? நீர் புகாத உட்சவ்வு வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்தது உண்மை. ஓடையில் கால் வைத்தபோது கழுத்துப் பகுதி வழியே இறங்கிய நீரை வெளியேற விடாமல் தடுத்ததும் அதுவே. அடிப்பாகத்தின் ரப்பர் பல ஆண்டு தேயாத கெட்டி ரப்பர். ஆகவே ஈரக்கல்லைப் பற்றாது. பற்களும் ஆழமில்லாமல் நெருக்கமாக இருந்ததால், அவற்றினிடையே சேறு அடைத்துக்கொண்டு, அடிப்பாகம் வழவழப்பான பலகையாகிவிட்டிருந்தது. தனித்தனியே பார்த்தால் நல்ல தோல், நல்ல தையல், நல்ல உழைப்பு. அந்த மலைக்கும் அந்தக் காலுக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவே.

கட்டுப் பிரித்து, மெல்ல நடந்து, மருத்துவர் அனுமதி தந்ததும், மகன் மீண்டும் மலைப்பேச்சை எடுத்தான். என் மனைவி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். “ஏங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்குமுன் அவன், “அத்தா, இந்தத் தடவையும் நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்க” என்றான். அவன் குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. மறுநாள் முதல் பள்ளிச் சிறுவனைப்போல் படிக்கலானேன்.

படித்தவற்றுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. இத்தாலி நாட்டில் விதாலே பிரமானி என்றொரு மலையேறி இருந்தார். 1935-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், புந்தா ரசிக்கா என்னும் முகட்டுக்குச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் மலையேறுவோர் ஆணி பதித்த கனத்த பூட்ஸ் அணிந்து பாறையடி வரை போவார்கள். பாறையில் ஏறும்போது மெல்லிய காலணிக்கு மாறிக்கொள்வார்கள். மேலே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மெல்லிய காலணியோடு உறைந்த பாறையில் இறங்க முடியாமல், அந்தக் குழுவில் ஆறு பேர் உயிரிழந்தனர். உயிரோடு மீண்ட பிரமானி, பாறையிலும் பனியிலும் ஒன்றுபோல் பற்றக் கூடிய அடிப்பாகம் ஒன்றை உருவாக்குவதற்கு முனைந்தார். பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியோடு, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை 1937-இல் கொண்டுவந்தார். தம் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘வைப்ரம்’ என்று பெயரிட்டார். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலாக எட்டிய இத்தாலியக் குழுவினர் அணிந்தது அந்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸ்தான். இன்று மலைப்பாதைக் காலணிகளின் அடியில் நாம் காணும் பற்களுக்கெல்லாம் அது ஒரு மூதாதை. அந்தப் பற்களை இனி வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அவற்றின் பின்னே ஆறு வீடுகளின் துயரம் இருக்கிறது.

மலைப்பாதை ஓட்டக் காலணியைத் தேர்வதில் முதற்கேள்வி, எந்த நிலத்துக்கு என்பதே. கடையில் நுழையுமுன் அதற்கு விடை வேண்டும். காய்ந்த பாறையும் சரளையும் மிகுந்த பாதையென்றால், மூன்றரை முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை ஆழமுள்ள பற்கள் போதும். சேறும் சகதியும் மிகுந்த இடமென்றால் ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். அவையும் இடைவெளி விட்டு அமைந்திருக்க வேண்டும். அப்போதுதான் சேறு தானே உதிரும். அந்த ஆழ்ந்த பற்களோடு கெட்டிப் பாறையில் ஓடினால் பாதம் தள்ளாடும். பற்களும் விரைவில் மழுங்கும். குதிப்பகுதிப் பற்கள் முன்பகுதிப் பற்களுக்கு எதிர்த்திசை நோக்கி அமைந்திருப்பது நல்லது. இறக்கத்தில் அவையே நமக்குத் தடைக்கட்டை. ரப்பர் மென்மையாக இருந்தால் ஈரக்கல்லைப் பற்றும். ஆனால் விரைவில் தேயும். பிடிப்பும் ஆயுளும் ஒருசேரக் கிடைப்பது அரிது. மலையில் பிடிப்பையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

அடிப்பாகத்துக்கு மேலே நுரைப்பகுதி இருக்கிறது. அது தடிமனாக இருந்தால் மெத்தைபோல் இதமாக இருக்கும். ஆனால் பாதம் தரையிலிருந்து உயர உயர, சாய்ந்த கல்லில் கணுக்கால் மடங்கும் அபாயமும் கூடும். மிக மெல்லியதாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் காலோடு பேசும். கூர்ங்கல் மிகுந்த இடத்துக்கு, நுரைக்கும் ரப்பருக்கும் இடையே மெல்லிய தகடு வைத்த காலணிகள் உண்டு. வளையும், ஆனால் கல் குத்துவதைப் பரப்பிவிடும். குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடும் முக்கியம். சிலவற்றில் அது பூச்சியம். சிலவற்றில் பத்து மில்லிமீட்டருக்கும் மேல். பத்துக்குப் பழகிய கால் ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு இறங்கினால், கெண்டைக்காலும் குதிநரம்பும் பழிவாங்கும்.

மேற்பகுதியில்தான் என் பெருமைக்கு இறுதி அடி விழுந்தது. ஓடுவதற்கு ஏற்றது தோல் அன்று. நெருக்கமாகப் பின்னிய வலைத்துணியே. நீர் புகும், புகுந்த வழியே வெளியேறும், விரைவில் உலரும். நம் வெப்ப நாட்டில் நீர் புகாத சவ்வு, வியர்வையையும் மழைநீரையும் சேர்த்து வைக்கும் பாத்திரமாகிவிடுகிறது. அது குளிர்நாட்டுப் பனிக்குப் பொருத்தம். விரல்களுக்கு முன்னே கல் மோதினால் தாங்கும் கெட்டியான முனைக்கவசம் வேண்டும். நாக்குப் பகுதி இருபுறமும் உடலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் மணலும் சிறுகல்லும் உள்ளே வாரா. எடையையும் மறக்கலாகாது. நான் வாங்கித் தந்தது, ஓடுவதற்கென்றே செய்த காலணியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஓர் அடிக்கு அது சிறிதாகத் தோன்றும்; ஆயிரமாயிரம் அடிகளுக்குச் சிறிதன்று.

இவ்வளவும் படித்த பிறகு, முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு மாலை, செய்தித்தாளைத் தரையில் விரித்து, மகனை அதன்மேல் நிற்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரு பாதங்களையும் வரைந்தேன். நின்ற நிலையில் வரைய வேண்டும்; உட்கார்ந்தால் பாதம் சுருங்கும். மாலையில் வரைய வேண்டும். பகல் முழுதும் உழைத்த பாதம் அப்போதுதான் தன் உண்மையான அளவைக் காட்டும். வலக்கால் 26.1 சென்டிமீட்டர், இடக்கால் 26.4. பெரிய காலுக்கே அளவு எடுக்க வேண்டும். விரல்கள் சேரும் இடத்தில் அகலம், குதியில் ஒடுக்கம். ஆண்களுக்கென்று விற்பவை பெண்களுக்கானவற்றைவிட அகலமான அச்சில் செய்யப்படுகின்றன. ஆயினும், ஆண்களின் பாதமெல்லாம் ஒரே அகலமா? என் மகனின் பாதம் என் தந்தையாரின் பாதம். அதை அந்தச் செய்தித்தாளில்தான் கண்டேன்.

சென்னைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குள் நுழைந்தோம். மலையில் அணியும் அதே காலுறைகளை அவன் கொண்டுவந்திருந்தான். இம்முறை நான் வாய் திறப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். முதற்சோடி தடித்த நுரை கொண்டது. நடைபாதையின் சாய்ந்த ஓரத்தில் நின்று பார்த்தபோது கால் ஆடியது. இரண்டாவது சேற்றுக்கென்றே செய்தது; பற்கள் மிக ஆழம். மூன்றாவதன் பற்கள் நடுத்தரம், அடியில் மெல்லிய தகடு, விரற்பகுதி அகலம், ஒரு காலணி சுமார் 300 கிராம். அளவு 7 இல்லை, 8. ஆங்கிலேய அளவில் ஒரு முழு எண்ணுக்கு மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. நீண்ட விரலுக்கு முன்னே என் பெருவிரலின் அகலம் இடம் இருந்தது.

கடைக்காரரிடம் அனுமதி பெற்று, மாடிப்படிகளில் அவனை ஏறி இறங்கச் சொன்னேன். “விரல் முட்டுதா தம்பி?” என்று கேட்டேன். “இல்லத்தா.” “குதி தூக்குதா?” “லேசா.” மேல் துளையில் நாடாவைக் கண்ணிபோல் வளைத்து, அதனுள் மறுமுனையை நுழைத்து இழுத்துக் கட்டினேன். மீண்டும் இறங்கினான். “இப்ப அசையல.” அந்த இரண்டு கேள்விகளையும் முன்பே கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் இருந்தவற்றுள் விலை உயர்ந்தது அதுவன்று. முந்தைய ஆண்டின் வடிவம் என்பதால் விலை குறைத்தே தந்தார்கள். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. நிறம் ஓடுவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் எந்தக் காலணியும் என்றென்றைக்கும் உழைப்பதில்லை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் பெரும்பாலானவற்றின் நுரை செத்துவிடும். பற்கள் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஓடிய தூரத்தை ஒரு நோட்டில் குறித்துவைக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில், மழையற்ற ஒரு காலை, சுவாமிமலைப் பாதையின் தொடக்கம் வரை நானும் போனேன். அவன் மேலே சென்று மறைந்ததும் ஒரு கல்லில் அமர்ந்தேன். மனைவி தந்தனுப்பிய தேநீர்க் குடுவை பக்கத்தில் இருந்தது, குடிக்கத் தோன்றவில்லை. நெடுநேரத்துக்குப் பின், சரளை உருளும் ஓசை கேட்டது. பிறகு அவனுடைய காலடி ஓசை. காலடி ஓசை சீராக வந்தது. கீழே வந்து மூச்சிரைத்துக்கொண்டு நின்றவன், என்னைப் பார்த்ததும் சொல்லாமலே புரிந்துகொண்டு, காலணியையும் காலுறையையும் கழற்றிக் காலை நீட்டினான். பழைய கறுப்பு நகம் விழுந்து, புதிய நகம் பாதி வளர்ந்திருந்தது. அதில் ஒரு கன்றலும் இல்லை.

அன்று மஃரிபுக்கு இருவரும் சேர்ந்தே பள்ளிக்குப் போனோம். மலையின் செம்மண் இன்னும் போகாத அந்தக் காலணியை என் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்தான். தோல் என்பது பேருக்கும் இல்லாத காலணி அது. தந்தையார் பார்த்திருந்தால் பெருவிரலால் வருடிப் பார்த்து, என்ன சொல்லியிருப்பாரோ? காலைக் காட்டு என்று பேரனிடம் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

ஹவுள் கரையில் அவன் கால் கழுவும்போது, இப்போதெல்லாம் நான் பார்க்கிறேன்.